வாடை போகும் பக்கம்: மான் பரணுக்கு நடந்து போவது எப்படி?

வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு வாடை என்று பெயர். மூக்கில் ஏறும் மணத்துக்கும் தமிழில் வாடை என்றுதான் பெயர். மான் வேட்டைக்குப் புதிதாக வருகிறவருக்கு இந்த ஒரு சொல்லே பாதிப் பாடம். பரணில் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பொறுத்தவரை இரண்டும் பிரிக்க முடியாதவை. காற்று எங்கே போகிறதோ அங்கே அவருடைய மணமும் போகிறது.

இங்கே பேசப்போவது வட அமெரிக்காவின் வெண்வால் மானைப் பற்றி. இந்த மான் வாழும் அமெரிக்க மாநிலங்களும் கனடிய மாகாணங்களும் உரிமம் கொடுத்து, பருவம் வகுத்து, நேரமும் எண்ணிக்கையும் கட்டுப்படுத்தி இந்த வேட்டையை நடத்துகின்றன. மரத்தில் பதினைந்து, இருபது அடி உயரத்தில் கட்டிய பரணில் அசையாமல் காத்திருப்பது அங்கே மிகப் பரவலான முறை. வில்லோடு உட்காருகிறவருக்கு மான் இருபது, முப்பது கஜத்துக்குள் வந்தாக வேண்டும். அவ்வளவு அருகில் ஒரு மானின் மூக்கைத் தாண்டி நாம் ஒளிந்திருக்க வேண்டும்.

புதியவர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, "பரணை எந்த மரத்தில் கட்டுவது?" என்பது. என்னைக் கேட்டால், அந்த மரத்துக்கு எந்த வழியாக நடந்து போவது என்பதுதான் முதல் கேள்வி. நல்ல மரம் கிடைத்துவிடும். அந்த மரத்துக்குக் கெடாமல் போய்ச் சேரும் வழி எளிதில் கிடைப்பதில்லை.

மானின் மூக்கு

நம் உடலிலிருந்து ஓயாமல் ஏதாவது வெளியேறிக்கொண்டே இருக்கிறது. தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உதிர்கின்றன. வியர்வையைத் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது மணமுள்ள சேர்மங்கள் உண்டாகின்றன. மூச்சுக்கும் மணம் உண்டு, தலைமுடிக்கும் உண்டு. இவற்றோடு வண்டியில் பெட்ரோல் நிரப்பிய கையின் மணம், காலையில் குடித்த காபியின் மணம், உடையில் தங்கிய சோப்பின் மணம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

மானின் மூக்கு ஈரமாகவே இருக்கும். அதை அடிக்கடி நாக்கால் நக்கி ஈரமாக வைத்துக்கொள்வதை அருகிலிருந்து பார்க்கலாம். காற்றில் வரும் மணத்துகள்கள் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. கண்ணால் பார்த்ததை மான் சந்தேகப்படும். தலையைத் தாழ்த்தி மேய்வதுபோல் காட்டிவிட்டுச் சட்டென்று நிமிர்ந்து பார்க்கும், முன்காலால் தரையைத் தட்டும், நாம் அசைகிறோமா என்று காத்திருக்கும். காதில் விழுந்த சத்தத்தையும் அப்படித்தான் நின்று விசாரிக்கும். மூக்கு சொன்னதை மட்டும் அது மறுபடி விசாரிப்பதில்லை. மூக்கால் பலமாகச் சீறி, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். சீறும் ஓசை சுற்றியுள்ள மான்களுக்கெல்லாம் எச்சரிக்கை. அது முன்காலால் தட்டிய இடத்தில் குளம்புப் பிளவிலுள்ள சுரப்பியின் மணம் வேறு படிந்துவிடும். பின்னால் வரும் மான்களுக்கு அது ஒரு செய்தி.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சீறாமலும் ஓடாமலும், வந்த வழியே மெதுவாகத் திரும்பிப் போய்விடும் மான்கள் நிறைய. அவற்றை நாம் பார்ப்பதே இல்லை. "இன்று மான் எதுவும் வரவில்லை" என்று இறங்கி வருகிறோம். வந்திருக்கலாம்.

புகையாக நினைத்துக்கொள்ளுங்கள்

மணத்தைப் பற்றி யோசிக்கச் சிறந்த வழி, உங்கள் உடலிலிருந்து இடைவிடாமல் வெண்புகை கிளம்புவதாக நினைத்துக்கொள்வது. வண்டியிலிருந்து இறங்கிய நொடியில் புகை தொடங்குகிறது. நீங்கள் நடக்கும்போது உங்களோடு நடக்கிறது. பரணில் உட்கார்ந்த பிறகும் நிற்பதில்லை. அந்தப் புகை காற்று போகும் பக்கமாக, உங்களிடம் குறுகியும் போகப் போக விசிறிபோல் விரிந்தும் செல்கிறது. அந்த விசிறிக்குள் மான் தலையை நீட்டினால் அன்றைய வேட்டை முடிந்தது.

வானிலைச் செயலி "மேற்குக் காற்று" என்று சொன்னால் காற்று மேற்கிலிருந்து வருகிறது என்று பொருள், உங்கள் புகை கிழக்கே போகும். இது எளிய விஷயம்தான். ஆனாலும் விடியலுக்கு முந்தைய இருட்டில், தூக்கக் கலக்கத்தில் இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டவர்கள் பலர். நிலப்படத்தில் ஓர் அம்புக்குறி போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

செயலி சொல்லும் காற்று திறந்தவெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் உள்ள காற்று. வானிலை நிலையங்கள் காற்றை அளக்கும் வழக்கமான உயரம் அது. மரங்களுக்குள் அந்தக் காற்று அப்படியே இருப்பதில்லை. ஆற்று நீர் பாறையில் மோதிப் பின்புறம் சுழல்வதுபோல், அடர்ந்த மரக்கூட்டத்திலும் மேட்டின் முகட்டிலும் மோதிய காற்று மறுபக்கம் சுழன்று திரும்பி வரும். காடும் வயலும் சந்திக்கும் ஓரத்தில் இதை அடிக்கடி உணரலாம். குறுகிய பள்ளத்தாக்கின் அடியில் காற்று நிமிடத்துக்கு ஒரு திசையில் வீசும். அங்கே மான் தடம் எவ்வளவு கண்டாலும் புதியவர் பரண் கட்ட வேண்டாம் என்பேன். அது மான்களுக்குச் சாதகமான இடம் என்பதால்தான் அவ்வளவு தடம் இருக்கிறது.

காற்றே இல்லாத நாள் பாதுகாப்பான நாள் என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. நிதானமாக ஒரே பக்கம் வீசும் காற்று இருந்தால் உங்கள் புகை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். காற்று அசையாத நாளில் அது உங்களைச் சுற்றியே குளம்போல் தேங்கி, எந்தப் பக்கமும் கசியும்.

ஏறுகாற்றும் இறங்குகாற்றும்

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வெயில் பட்டுத் தரை சூடாகும்போது அதை ஒட்டிய காற்றும் சூடாகி, இலேசாகி, சரிவைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். வெயில் போனதும் தரை குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, தண்ணீர் ஓடும் வழியிலேயே கீழே இறங்கும். மேட்டில் பெய்த மழைநீர் எந்த ஓடைக்குப் போகுமோ அந்த ஓடைக்கே மாலை நேரத்துக் குளிர்காற்றும் போகும். வானிலைச் செயலியில் இது வராது. வலுவான காற்று வீசும் நாளில் இந்த ஏற்ற இறக்கம் அமுங்கிக் கிடக்கும். காற்று தளர்ந்ததும் மேடுதான் ஆட்சி செய்யும். மான்கள் மிகுதியாக நடமாடும் விடியலும் அந்தியும்தான் காற்று பெரும்பாலும் தளர்ந்திருக்கும் நேரம் என்பதை மறக்கக்கூடாது.

மான்களுக்கு இது நன்றாகத் தெரியும். மலைமுகட்டின் மறைவுப் பக்கத்தில், உச்சிக்குச் சற்றுக் கீழே ஆண்மான்கள் பகலில் படுத்திருப்பதைப் பலரும் கவனித்திருக்கிறார்கள். முகட்டைத் தாண்டி வரும் காற்று முதுகுப்புறச் செய்தியைக் கொண்டுவருகிறது. சரிவில் ஏறிவரும் வெப்பக்காற்று கீழேயுள்ள செய்தியைக் கொண்டுவருகிறது. முன்பக்கத்தைக் கண் பார்த்துக்கொள்கிறது. இப்படி மூன்று பக்கமும் காவல் வைத்துக்கொண்டு படுத்திருக்கும் விலங்கின் அருகே போகிறோம்.

இந்த இரண்டு காற்றையும் கண்ணால் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. வட அமெரிக்காவின் வயலோரங்களில் மில்க்வீட் என்ற செடி வளர்கிறது. நம் எருக்குக்கு உறவு. எருக்கம்காய் வெடித்துப் பஞ்சு பறப்பதுபோலவே இதன் காயும் இலையுதிர் காலத்தில் வெடித்து, பட்டுப்போன்ற வெண்பஞ்சு பறக்கும். அந்தக் காய்கள் இரண்டைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். தூள் பீய்ச்சும் சிறு புட்டிகள் கடையில் கிடைக்கும். அந்தத் தூள் முழங்கை தூரத்துக் காற்றைக் காட்டிவிட்டு மறைந்துவிடும். பஞ்சு போகும் வழியைக் கண்ணுக்கு எட்டும்வரை பார்க்கலாம்.

முதன்முதலாகப் பரணிலிருந்து ஒரு பஞ்சை விட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விரல்நுனியிலிருந்து கிளம்பிப் பதினைந்து கஜம் நேராகக் கிழக்கே போனது. ஓர் ஓக் மரத்தின் பின்னால் போனதும் தயங்கி, கீழே இறங்கி, அந்த மரத்தை அரைவட்டமாகச் சுற்றி என்னை நோக்கியே திரும்பியது. பிறகு வெயில் விழுந்த ஒரு திட்டின் மேலே வந்ததும் யாரோ நூல் கட்டி இழுத்ததுபோல் விறுவிறுவென்று மேலேறிக் கிளைகளுக்குள் மறைந்தது. அதுவரை காற்று என்பது ஒரு நேர்கோடு என்றே நினைத்திருந்தேன்.

நடக்கும் வழி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். என் முதல் பருவத்தில் நான் வேட்டையாடிய நிலத்தை வைத்தே சொல்கிறேன். வடக்கே மான்கள் பகலில் படுக்கும் அடர்ந்த புதர். தெற்கே அவை மேய வரும் சோயா வயல். இரண்டையும் இணைத்து வடக்குத் தெற்காக ஒரு மான் தடம். தடத்துக்குக் கிழக்கே இருபது கஜத்தில் என் பரண். பரணுக்குக் கிழக்கே நிலம் சரிந்து ஓர் ஓடையில் முடிகிறது. வண்டி நிறுத்தும் இடம் தென்மேற்கு மூலை.

அன்று பிற்பகல் மேற்குக் காற்று. பரணில் உட்கார்ந்தால் என் மணம் தடத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓடையை நோக்கிப் போகும். இதைவிட நல்ல காற்று கிடைக்காது என்று நினைத்தேன். வண்டியிலிருந்து வயலோரமாகக் குறுக்கே நடந்து, மான் தடத்தைக் கடந்து, பத்து நிமிடத்தில் பரணேறினேன். ஐந்து மணி வாக்கில் ஒரு பெண்மான் புதரிலிருந்து தடத்தில் இறங்கி வந்தது. வால் தளர்ந்து, காதுகள் முன்னும் பின்னும் ஆட, அச்சமே இல்லாமல் வந்தது. நான் தடத்தைக் கடந்த இடத்துக்கு வந்ததும் நின்றது. மூக்கைத் தரையோடு வைத்தது. என் பூட்ஸ் பதிந்த திசையில் இரண்டடி எடுத்துவைத்து மறுபடி முகர்ந்தது. தலையை நிமிர்த்தி, நான் இருந்த மரத்தின் பக்கம் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனது. நான் அங்கே நடந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பரணில் காற்று சரியாக இருந்தது. வழி சரியாக இல்லை. இரண்டு தவறுகள் அதில் இருந்தன. ஒன்று, நான் வேட்டையாட நினைத்த தடத்தையே மிதித்துக் கடந்தேன். இன்னொன்று, தடத்துக்கு மேற்கே நடந்த நேரமெல்லாம் என் புகை வயலோரத்தையும் தடத்தையும் துடைத்துக்கொண்டு போனது.

இப்போது அதே பரணுக்கு வேறு வழியாகப் போகிறேன். வயலுக்கு வெளியே தெற்குச் சாலையிலேயே கிழக்கே நடந்து, சாலைக்கு அடியில் ஓடை வெளிவரும் இடத்தில் இறங்கி, ஓடைப் படுகையிலேயே வடக்கே ஏறி, பரணுக்கு நேர் கிழக்கிலிருந்து கரையேறுகிறேன். பத்து நிமிட நடை நாற்பது நிமிடமாகிறது. ஆனால் மேற்குக் காற்றில் என் மணம் நடை நெடுகிலும் மான்களைவிட்டு விலகியே போகிறது. மான் தடத்தை ஓரிடத்திலும் கடப்பதில்லை. ஓடும் தண்ணீர் காலடி மணத்தையும் தங்கவிடாது, சருகு மிதிபடும் சத்தத்தையும் விழுங்கிவிடும். கரைமேடு உடம்பை மறைக்கிறது.

ஆகவே ஒரு நிலத்தைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேளுங்கள்: இந்த நேரத்தில் மான்கள் எங்கே இருக்கும், அவை எங்கே போகப்போகின்றன, நான் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் என் புகை இவ்விரண்டில் எதன்மேலாவது விழுகிறதா? நேரம் மாறினால் விடையும் மாறும். பிற்பகலில் வயல் பெரும்பாலும் காலியாக இருக்கும், வயல் ஓரமாகப் போகலாம். விடியலுக்கு முன் அதே வயலில் மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். இருட்டில் அதைக் கடந்தால் இரவு முழுவதும் அங்கிருந்த மான்களை நீங்களே விரட்டிவிட்டுப் போய் உட்காருகிறீர்கள்.

அந்தப் பரணை நான் காலையில் பயன்படுத்துவதே இல்லை. காரணத்தை மேலே சொன்னதிலிருந்தே காணலாம். அது கிழக்கு நோக்கிய சரிவு, காலை வெயில் முதலில் விழும் பக்கம். காற்று தளர்ந்த காலையில் சரிவு சூடானதும் ஓடையிலிருந்து ஏறுகாற்று கிளம்பி, என் மணத்தை மேற்கே, நேராகத் தடத்தின்மேல் கொண்டுபோகும். மாலையில் எல்லாம் தலைகீழ். கிழக்குச் சரிவில் நிழல் சீக்கிரம் விழுகிறது. சூரியன் மறைய வெகு நேரம் இருக்கும்போதே குளிர்காற்று ஓடைக்கு இறங்கத் தொடங்கிவிடும். மேற்குக் காற்றும் இறங்குகாற்றும் ஒரே பக்கம் போகின்றன. ஒரே மரம், ஒரே நிலம், காலையில் தவறு, மாலையில் சரி.

திரும்பிப் போகும் வழியையும் இப்படியே யோசிக்க வேண்டும். இருட்டியதும் வயலில் மான்கள் நின்றுகொண்டிருக்கும். அவற்றின் கண்ணெதிரே பரணிலிருந்து இறங்கினால் அந்த மரத்தை அவை நினைவில் வைத்துக்கொள்ளும். நான் ஓடை வழியாகவே திரும்புகிறேன். வேறு வழியே இல்லாத இடங்களில் சிலர் நண்பரை வண்டியோடு வரச்சொல்லி, மான்கள் வண்டிக்கு ஒதுங்கிப் போன பிறகு இறங்குகிறார்கள். பல பண்ணை நிலங்களில் வண்டி மான்களுக்குப் பழகிய விஷயம்.

உடம்பின் மணம்

மணமற்ற சோப்பில் குளிப்பது, உடையை மணமற்ற சலவைத்தூளில் துவைத்து வெளியில் உலர்த்தி மூடிய பெட்டியில் வைப்பது, ரப்பர் பூட்ஸ் அணிவது எல்லாம் நல்லது. செய்யுங்கள். தோல் பூட்ஸைவிட ரப்பர் பூட்ஸ் தரையில் குறைவாகவே மணம் விடும். நடக்கும்போது இடுப்புயரப் புல்லிலும் கிளைகளிலும் உரசாமல் போவது அதைவிட முக்கியம். கையால் கிளையை ஒதுக்கினால் மானின் மூக்கு உயரத்திலேயே உங்கள் மணத்தைத் தடவி வைக்கிறீர்கள்.

கரி சேர்த்த உடைகள், மணம் போக்கும் தெளிப்பான்கள் என்று கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவை மணத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். மூச்சுவிடும் மனிதரை மணமற்றவராக்க எதனாலும் முடியாது. அவற்றை நம்பிக் காற்றைப் புறக்கணிப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்தப் பணத்தில் நல்ல மழைக்கால ரப்பர் பூட்ஸ் வாங்கலாம்.

செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்று, வியர்க்காமல் நடப்பது. குளிர்காலத் தடித்த உடையோடு வேகமாக நடந்தால் பரணேறும்போது உள்ளாடை நனைந்திருக்கும். மெல்லிய உடையில் மெதுவாக நடந்து, தடித்த மேலங்கியை முதுகுப்பையில் எடுத்துப்போய், மரத்தடியில் மூச்சு அடங்கிய பிறகு அணிந்துகொள்ளுங்கள். உங்கள் மாநிலம் ஆரஞ்சு மேலாடையைக் கட்டாயமாக்கியிருந்தால் அதை நடக்கும்போதும் கழற்றக்கூடாது. மான்களுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் நம்மைப்போல் தெரிவதில்லை. மற்ற வேட்டைக்காரர்களுக்குத் தெரியும், அதற்காகத்தான் அது. ஏறுவதற்கு முன் உடல் முழுவதும் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். துப்பாக்கியையோ வில்லையோ கையில் பிடித்துக்கொண்டு ஏற வேண்டாம். துப்பாக்கியானால் தோட்டாவை எடுத்துவிட்டு, பிறகு கயிற்றில் கட்டி மேலே இழுங்கள்.

மானுக்கும் கொஞ்சம் காற்று

அனுபவமுள்ளவர்கள் இன்னொரு படி மேலே போவார்கள். வயதான ஆண்மான் தன் மூக்குக்குச் சாதகமான காற்றில் நடக்கவே விரும்பும். நமக்கு முழுக்கச் சாதகமான காற்றில் அது வராமலே போகலாம். ஆகவே மானுக்குக் காற்று சரியாக இருப்பதுபோல் தோன்றி, நமது மணம் அதன் தடத்தை ஒரு சில கஜங்களில் தவறவிடும் இடத்தில் பரண் கட்டுவார்கள். காற்று சற்றே திரும்பினாலும் எல்லாம் கெட்டுவிடும். முதல் இரண்டு, மூன்று பருவங்களுக்கு இதை முயல வேண்டாம். பஞ்சை விட்டு விட்டு உங்கள் நிலத்தின் காற்றை மனப்பாடமாக்கிக்கொள்ளுங்கள். எந்த மரத்துக்கு எந்தக் காற்று, எந்த வேளை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

அதோடு, திரும்பி வரவும் பழக வேண்டும். போன நவம்பரில் ஒரு பிற்பகல், மேற்குக் காற்று என்று செயலி சொன்னதை நம்பி ஓடை வழியாக நாற்பது நிமிடம் நடந்து கரையேறினேன். மரத்தடியில் நின்று ஒரு பஞ்சை விட்டேன். அது என் தோளுயரத்தில் மிதந்து நேராக வடக்கே, புதரை நோக்கிப் போனது. ஐந்து நிமிடம் பொறுத்து இன்னொன்று விட்டேன். அதுவும் அப்படியே போனது. ஆண்மான்கள் துணை தேடிப் பகலிலும் அலையும் இணைசேர்க்கைப் பருவம் அது. ஏணியின் முதல் படியில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பையை மாட்டிக்கொண்டு ஓடையில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

மூன்று நாள் கழித்து மேற்குக் காற்று உண்மையாகவே வந்தது. அதே வழியில் நடந்து, ஏறி உட்கார்ந்து, ஒரு பஞ்சை விட்டேன். அது தாழ்ந்து தாழ்ந்து ஓடைக்கு மேலாகப் போய் மறுகரையின் காய்ந்த புல்லில் ஒட்டிக்கொண்டது. அந்தி மங்கும் நேரத்தில் இரண்டு பெண்மான்கள் தடத்தில் வந்தன. எனக்கு நேராக வந்ததும் முன்னால் வந்தது மூக்கை நக்கிவிட்டுக் காற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தது. வால் தளர்ந்தே இருந்தது. தலையைத் தாழ்த்தி, உதிர்ந்து கிடந்த ஓர் ஓக் கொட்டையைக் கடிக்கும் சத்தம் மரத்தின்மேல் எனக்குக் கேட்டது.